பார்ப்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர்

கண்ணாடிக் கடைக்காரன் வீட்டிலேயே கண் சரியில்லை என்று எங்கள் தெருவில் கேலி செய்வார்கள். பாதி உண்மைதான். என் மனைவிக்குச் சின்ன வயதிலிருந்தே இடது கண் மந்தம். கண்ணாடி போட்டால் படிக்கலாம், எழுதலாம். மங்கலான நட்சத்திரம் தெரியாது. அந்தக் கண்ணாடியையும் நான்தான் செய்து கொடுத்தேன். வலது கண்ணில் ஒரு குறையும் இருந்ததில்லை.

நீங்கள் முகாமைப் பற்றிக் கேட்டீர்கள், ஐயா. ஊருக்கு வெளியே ஒரு கோழிப்பண்ணை. அதன் முதலாளி வருடத்தில் மூன்று நாள் விளக்குகளை அணைத்துவிட்டுப் பின்பக்கத்து மேட்டை எங்களுக்குக் கொடுப்பார். வானத்தின் மேல் பைத்தியம் பிடித்த இருபது பேர் கூடுவோம். ஒருவரும் படித்த விஞ்ஞானி கிடையாது. நடத்துகிறவரே மருந்துக்கடைக்காரர். அங்கே வேலையெல்லாம் இருவர் இருவராகத்தான். ஒருவர் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்ததைச் சொல்லுவார். மற்றவர் சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுவார். பதினெட்டு வருடம் நான் பார்த்தேன், அவள் எழுதினாள். எங்களுக்குள் சண்டை என்று ஒன்று வந்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு, முகாமுக்குப் போன இடத்தில் எனக்குக் கண் சிவந்து நீர் வடிந்தது. "ஒரு நாள்தானேங்க, நான் பார்க்கிறேன்" என்று அவள் உட்கார்ந்தாள். நான் வருடக்கணக்காக ஒற்றை நட்சத்திரம் என்று சொல்லி அவள் கையாலேயே எழுதவைத்த ஒன்றைப் பார்த்துவிட்டு, "என்னங்க, இதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு இருக்கே" என்றாள். மருந்துக்கடைக்காரர் நட்சத்திரப் பட்டியலைப் புரட்டினார். இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அடுத்த வருடம் அவர் என் தோளில் கைபோட்டு, "அண்ணே, இனிமே அண்ணி பார்க்கட்டும், நீங்க எழுதுங்க. உங்க கையெழுத்தும் அழகுதானே" என்றார். என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். அது அவருக்கும் தெரியும்.

மூன்று இரவும் அவள் சொல்லச் சொல்லக் குனிந்த தலை நிமிராமல் எழுதினேன். வயிறு எரிந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே, "எழுதி எழுதிக் கை வலிச்சிருக்கும், இல்லீங்க?" என்று கேட்டாள். அன்போடுதான் கேட்டாள். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

முகாமில் பகல் முழுக்கச் சூரியனைப் பார்ப்போம். தொலைநோக்கியின் வாயில் கறுப்புத் தகடு மாட்டாமல் பார்த்தால் கண் போய்விடும் என்பது குழந்தைக்கும் தெரியும். எல்லோருக்கும் அந்தத் தகடுகளைச் செய்து கொடுப்பது நான். இந்த வருடம் அவளுக்கென்று தனியாக ஒன்று செய்தேன். அது வெளிச்சத்தைத் தடுக்கும், சூட்டைத் தடுக்காது. அதன் வழியே சூரியன் பார்க்க இதமாக இருக்கும். கண்ணின் உள்திரைக்கு வலி தெரியாது, ஐயா. தொழிலில் இருப்பதால் எனக்குத் தெரியும். சூரியனில் இருக்கும் புள்ளிகளை எண்ணி முடிக்காமல் அவள் எழுந்திருக்க மாட்டாள் என்பதும் தெரியும்.

பார்த்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். ஏழு புள்ளி சொன்னாள். நடுவில், "தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டேன். "இருங்க, இன்னும் ரெண்டு இருக்கு" என்றாள். அந்த இரண்டையும் எழுதிக்கொண்டேன். அவள் எழுந்ததும் தகட்டைக் கழற்றி நல்லதை மாட்டிவிட்டேன். வரிசையில் மற்றவர்கள் நின்றார்கள். யாருக்கும் கெடுதல் நினைக்கிறவன் இல்லை நான்.

சாயங்காலம் என்னைப் பார்த்து, "என்னங்க இது, உங்க மூஞ்சி நடுவுல கறுப்பா இருக்கு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தேய்க்காதே என்று சொட்டு மருந்து விட்டேன். மறுநாள் அவள் சிரிக்கவில்லை. வலது கண்ணில் போன பார்வை திரும்பாது என்று கண் டாக்டர் சொன்னபோது என் கையைத்தான் பிடித்துக்கொண்டாள்.

கழற்றிய தகட்டைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை. கடையில் எதையும் வீணாக்குகிற பழக்கம் இல்லை. உறையில் போட்டு, தேதி எழுதி, 'வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம்' என்றும் எழுதி இழுப்பறையில் வைத்தேன். போன வாரம் கடையைப் பெருக்கித் துடைக்க வந்தவள் அதை எடுத்து என் மனைவியிடம் கொடுத்துவிட்டாள். மேசையில் நீங்கள் வைத்திருக்கிறீர்களே, அந்த உறையில் இருக்கும் கோழிக் கிளறல் என்னுடையதுதான்.

என் மனைவி கொடுத்த புகாரையும் காட்டினீர்கள். இரண்டு பக்கம், அவளே எழுதியது. முழுக்க வாசித்தேன். ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது, ஒரு வரி கோணவில்லை. நான் கணக்குப் போட்டது தப்பவில்லை, ஐயா. எழுதுவதற்கு அவளுக்கு அந்த ஒரு கண் போதும்.