ஏழு நாள் டப்பா

ஞாயிற்றுக்கிழமை எழுந்ததும் எனக்கு முதல் வேலை, ஏழு அறைகள் கொண்ட பிளாஸ்டிக் டப்பாவில் தங்கையின் மாத்திரைகளைப் பிரித்துப் போடுவது. பதினொரு வருடத்தில் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் மேடம்.

ஆஸ்பத்திரியில் நான் நரம்புப் பரிசோதனை டெக்னீஷியன். மணிக்கட்டில் லேசாக மின்சாரம் கொடுத்து, விரல் தசை எப்படித் துள்ளுகிறது என்று திரையில் பார்ப்பேன். இருபது வயதில் அவளுக்கு இமை தொங்கத் தொடங்கியபோது நோயைக் கண்டுபிடித்ததும் நான்தான். முதல் துள்ளல் உயரமாக வந்தது. அடுத்தடுத்தவை குட்டையாகிக்கொண்டே போயின.

நரம்புக்கும் தசைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி உண்டு. மின்துடிப்பு நரம்பின் நுனியைத் தொட்டதும் அங்கே கால்சியம் புகும். நுண்ணிய பைகள் வாய்திறந்து அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைக் கொட்டும். அது எதிர்ப்பக்கக் கதவுகளைத் திறந்து, சோடியம் உள்ளே பாய்ந்தால்தான் தசை அசையும். அவளுடைய எதிர்ப்புச் சக்தியே அந்தக் கதவுகளில் பலவற்றை அடைத்துவிட்டது. கொட்டிய ரசாயனத்தை உடனுக்குடன் சிதைக்க ஒரு நொதி இருக்கிறது. மாத்திரை அந்த நொதியைத் தடுக்கும். ரசாயனம் இன்னும் சற்று நேரம் நின்று, மிச்சமிருக்கும் கதவுகளைத் திறக்கும். மாத்திரை இல்லாவிட்டாலும் மூளை தெளிவாகவே இருக்கும். தசைதான் சொன்ன பேச்சைக் கேட்காது.

போன வருடம் அவள் மூன்று மாடியும் நிற்காமல் ஏறினாள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு அவரோடு போகப்போவதாகச் சொன்னாள்.

"எத்தனை நாளைக்குக்கா என்னையே கட்டிக்கிட்டு அழுவே? இனிமேலாவது உன் வாழ்க்கையைப் பாரு."

அவளுக்காக எனக்கு வந்த இரண்டு வரன்களை வேண்டாமென்றவள் நான். எந்த வாழ்க்கையைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை டப்பாவை நிரப்பும்போது செவ்வாய், வியாழன் அறைகளில் மட்டும் அதே நிறச் சத்து மாத்திரையைப் போட்டேன். பிறகு திங்களிலும். இமை மறுபடி இறங்கியது. சீப்பைத் தூக்க முடியவில்லை. நான்தான் தலை வாரிவிட்டேன், சோறு ஊட்டினேன். அவளே கல்யாணத்தைத் தள்ளிப்போட்டபோது வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எட்டு மாதம் வீடு அமைதியாக இருந்தது.

அப்புறம் அந்தக் கடைக்காரர் வந்தார். "வேற டாக்டர்கிட்ட காட்டிப் பார்ப்போம்ங்க. வெள்ளிக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

அந்த வாரம் டப்பாவில் நிஜ மாத்திரை ஒன்றுகூட இல்லை.

வியாழன் மதியம் அவள் குடித்த தண்ணீர் மூக்கு வழியே வந்தது. தலை நிற்கவில்லை. "அக்கா... மூச்சு... போன்..." என்றாள். போன் என் மடியில் இருந்தது. அவள் இமைகள் மூடிக்கொண்டன. திறக்க முடியாதே தவிர, காது கேட்கும் என்று எனக்குத் தெரியும். கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதடி, நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இருபத்தைந்து நிமிடம் கழித்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். இனி எங்கும் போகமாட்டாள் என்று நிச்சயமாகத் தெரியவேண்டியிருந்தது.

டாக்டர் டப்பாவைக் கேட்டார். நானே எடுத்துக் கொடுத்தேன். மறைத்ததாக யாரும் சொல்லக் கூடாது.

இப்போது மெஷின்தான் அவளுக்கு மூச்சு விடுகிறது. நேற்று நர்ஸிடம் பேனா வாங்கி அவள் எழுதிய காகிதத்தைக் காட்டினீர்கள். 'அக்காவை உள்ளே விடாதீங்க.' இந்த நோயில் கை சீக்கிரம் சோர்ந்துவிடும் மேடம். 'விடுங்க' என்று எழுத வந்தவள்தான். கை இழுத்துக்கொண்டு எழுத்து கூடிப்போயிருக்கிறது.

"கை சோர்ந்தா எழுத்து குறையும்மா. அதிகமாகாது" என்கிறீர்கள்.

நீங்கள் அவளை வளர்த்ததில்லை. பார்வையாளர்களை எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள்?