திருப்பி வைத்த தட்டுகள்

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் குடிநீர் அலுவலகப் பொறியாளர் அவர்களே, அவர் பக்கத்தில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் மீட்டர் அக்காவின் அண்ணன் அவர்களே, முன்வரிசையில் சக்கர நாற்காலியில் வந்திருக்கும் கயிறு அத்தை அவர்களே, இடம் போதாமல் கதவுக்கு வெளியே நிற்கும் தெருக்காரர்களே, உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம்.

நான் மேடை ஏறிப் பழகாதவள். கணக்குப் பிரிவில் என் மேசைக்கு வருகிறவர்கள்கூட, "என்னம்மா சொன்னே? கொஞ்சம் சத்தமாச் சொல்லு" என்று மறுபடி கேட்பார்கள். அப்போதெல்லாம் பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "வாயைத் திறந்து பேசுடி, ஈ ஒண்ணும் உள்ளே போயிடாது!"

நம் மீட்டர் அக்காவின் அந்தக் குரல் இனி வராது. சென்ற வாரம் ஒரு காலையில், வேலைக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர், மூச்சு வாங்குகிறது என்று படியில் உட்கார்ந்தார். பிறகு எழவில்லை. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். மாட்டாமல் கிடந்த அந்த இன்னொரு செருப்பு என் கண்ணை விட்டுப் போக மறுக்கிறது.

இந்த ஊரில் மீட்டர் அக்கா நுழையாத வீடு உண்டா? தண்ணீர் மீட்டர் எங்கே இருக்கும்? உடைந்த சைக்கிளுக்கு அடியில் இருக்கும். பூந்தொட்டிக்குப் பின்னால் இருக்கும். அங்கே முழங்காலிட்டுக் கண்ணாடியைத் துடைத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு எழும்போது, "பின்பக்கக் குழாய் கசியுது, சத்தம் கேக்குது, வாஷரை மாத்துங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். "வரியை ஏத்த வந்துட்டியா?" என்று சீறிய கிழவரிடம், "இல்லப்பா, உங்க குழாய்க்குச் சளி பிடிச்சிருக்கு, பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றவர் அவர். அந்தக் கிழவர் இன்று கதவோரம் நின்று அழுதுகொண்டிருக்கிறார். இப்படி ஒருவரை எந்த வீடு மறக்கும்!

நாம் கூடியிருக்கும் இந்த அறை, ஒரு காலத்தில் கயிற்றுத் தொழிற்சாலையின் கிடங்கு. பின்சுவரைப் பாருங்கள். வரிசையாக அலுமினியத் தட்டுகள், முதுகைக் காட்டியபடி. நடுவில் ஒரு பித்தளைக் கைமணி. மணியின் கீழே, அக்கா தன் கையால் எழுதிய ஓர் அட்டை. இன்று காலை நான் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்து மெதுவாகக் கேட்டார்: "மணி இருக்கட்டும்மா. அந்த அட்டையை எடுத்துடலாமே. எழுதினவளே போயிட்டா."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். சரி என்று ஆட்டினேனா, முடியாது என்று ஆட்டினேனா, எனக்கே தெரியாது. அந்தப் பதிலைச் சொல்லத்தான் இப்போது எழுந்து வந்திருக்கிறேன்.

அந்த மணி அக்கா வீட்டுச் சொத்து. அவருடைய தாத்தா இந்தத் தொழிற்சாலையில் மேஸ்திரி. அந்தக் காலத்தில், கயிறு திரித்தவர்கள் சாப்பாட்டு வேளையில் இந்தக் கிடங்கில் உட்கார்ந்து எழுதப் படிக்கக் கற்றார்கள் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். "எங்க தாத்தா மணி அடிச்சுக் கூப்பிட்டுத்தான் அவங்கல்லாம் படிச்சாங்க" என்பது அக்கா வீட்டில் தலைமுறையாக வந்த பேச்சு. அந்தப் பெருமையோடுதான் அக்கா தேடத் தொடங்கினார். தாத்தாவின் மணிக்கு ஓடி வந்தவர்கள் யார் யார்? மீட்டர் பார்க்கப் போன வீட்டிலெல்லாம் கேட்டார். படிப்பைப் பற்றிப் பேசியவர்கள் உண்டு. மணியைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏன்?

ஒரு வீட்டில், மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு பழைய தட்டைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். அடிப்புறம் முழுக்கக் கீறல். உற்றுப் பார்த்தால் எழுத்துகள்! ஆணியால் கீறிய அகர வரிசை! "எங்க தாத்தா சாப்பிட்ட தட்டுக்கா, தூக்கிப் போட மனசு வரல" என்றார்கள். அதன்பிறகு அக்கா வீடு வீடாகத் தட்டு கேட்டார். கிடைத்த தட்டுகளில் எல்லாம் எழுத்து முதுகில்தான் இருந்தது.

அதற்குக் காரணம் சொன்னவர் இதோ, இளம் வயதில் இங்கே கயிறு திரித்த நம் அத்தை. அன்று நானும் அக்காவோடு போயிருந்தேன். அக்கா ஆசையாகப் பையிலிருந்து மணியை எடுத்து ஆட்டினார். அத்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"அடிக்காதே பொண்ணு! இப்பவும் கை தானாத் தட்டைத் தேடுது."

"ஏன் அத்தை? இது படிக்கக் கூப்பிட்ட மணி இல்லையா?"

"கூப்பிட்ட மணியா? நல்லாக் கேட்டே போ! மேஸ்திரி சுத்திப் பாக்க வர்றப்ப அடிச்சுக்கிட்டே வர்ற மணி. கேட்டதும் எழுதிக்கிட்டிருந்த தட்டைத் திருப்பி வச்சு, சாப்பிடற மாதிரி குனிஞ்சுக்குவோம்."

"வெறும் தட்டையா?"

"வெறும் தட்டைத்தான். எங்களுக்குச் சொல்லிக் குடுத்தவர் கயிறு எடை போடறவர். 'மெல்லுங்க, மெல்லுங்க'ன்னு அதட்டுவார். நாங்க காத்தை மெல்லுவோம்."

அத்தை சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. "எங்க தாத்தா அவ்வளவு கெட்டவரா அத்தை?" என்று கேட்டார்.

"கெட்டவர்னு யார் சொன்னா? காய்ச்சல்னா அவரே வீட்டுக்கு அனுப்பி வச்சிடுவார். படிப்பு மட்டும் ஆகாது. எழுதுற கை திரிச்ச கயிறு நிக்காதும்பார்."

அக்கா கைக்குட்டையை எடுத்து மணியின் நாக்கைச் சுற்றிக் கட்டினார். அந்தக் கட்டு இன்றும் அப்படியே இருக்கிறது.

வேறொருவர் என்றால் என்ன செய்திருப்பார்? மணியைப் பரண்மேல் போட்டுவிட்டுப் பழைய பேச்சையே பேசிக்கொண்டிருப்பார். யார் கேட்கப் போகிறார்கள்? அக்கா அந்த மணியைத் தானே கொண்டுவந்து சுவரின் நடுவில் மாட்டினார்.

எங்கள் வீட்டுத் தட்டும் அந்தச் சுவரில் இருக்கிறது. எழுத்தே இல்லாமல் பளபளப்பது அதுதான். என் அம்மாவின் தாத்தா இங்கே கயிறு திரித்தவர். அக்கா தட்டு கேட்டதும், "அவ்வளவு மரியாதையாக் கேக்கறாங்க, அழுக்காவா குடுக்கிறது?" என்று அம்மா இரும்பு நாரால் இரண்டு பக்கமும் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்தார். எழுத்து அத்தனையும் போயிற்று. விஷயம் தெரிந்ததும் அம்மா இடிந்து உட்கார்ந்துவிட்டார். அக்கா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாத்திரத்தைச் சுத்தமாத் தேய்ச்சதுக்கு அழற ஆளை இப்பத்தான் பாக்கறேன். காலியா இருந்தா என்ன, நீங்க எழுதுங்க" என்றார்.

"எனக்கு எழுதத் தெரியாதே."

"அதுக்குத்தான் சொல்றேன்."

அன்றுதான் இந்த அறையில் மறுபடியும் பெரியவர்களுக்கு வகுப்பு நடத்த வேண்டும் என்று அக்கா முடிவு செய்தார். என் பக்கம் திரும்பி, "வீட்டுல முதல் பட்டதாரின்னு பெருமை அடிச்சுக்கிறியே, முதல்ல படிச்சது நீ இல்லடி. ஒளிக்காமப் படிச்ச முதல் ஆள் நீ" என்றார். அதைக் கேட்ட நாளிலிருந்து என் பட்டத்தை நான் வேறு விதமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணா, இப்போது உங்களுக்குப் பதில் சொல்கிறேன். அட்டையை எடுக்க மாட்டோம். அதை எடுத்தால் இவை பழைய பாத்திரங்கள். ஏன் முதுகில் எழுதினார்கள் என்று பார்க்க வருகிறவருக்கு யார் சொல்வது? ஆனால் ஒன்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அக்கா அதை எழுதும்போது நான் பக்கத்தில் இருந்தேன். "இது எங்கள் தாத்தாவின் மணி. இது ஒலித்தபோது இவர்கள் தட்டைத் திருப்பி வைத்தார்கள்." இவ்வளவுதான் வாசகம். 'எங்கள்' என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. "மேஸ்திரியோட மணின்னு போட்டுடுங்களேன் அக்கா, யாருன்னு தெரியாது" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். கண் நிறைந்திருந்தது.

"தாத்தாவை விட்டுக்குடுக்கச் சொல்றியா?" என்று கேட்டார்.

உங்கள் தங்கை உங்கள் தாத்தாவை விட்டுக்கொடுக்கவில்லை, அண்ணா. அந்தத் தட்டுகளையும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டையும் ஒரே சுவரில் வைத்துப் பார்க்க எவ்வளவு மனம் வேண்டும்! அந்த மனத்தைத்தான் நாம் இழந்து நிற்கிறோம்.

அக்காவின் வகுப்பு திங்கட்கிழமை மாலை இதே அறையில் தொடங்கும். நடத்தப் போகிறவள் நான். குரல் கேட்காவிட்டால் அக்கா சொன்னதையே சொல்லி அதட்டுங்கள். என் அம்மா முன்வரிசையில் இருப்பார். அந்த வெற்றுத் தட்டைச் சுவரிலிருந்து இறக்கித் தரச் சொல்லிவிட்டார், நேற்றே ஓர் ஆணியும் தேடி வைத்துவிட்டார். கயிறு அத்தையும் வருவேன் என்கிறார்.

நீங்களும் வர வேண்டும், அண்ணா. மணியின் நாக்கில் அக்கா போட்ட முடிச்சை நாங்கள் யாரும் தொடவில்லை. அதை அவிழ்க்க உங்களுக்குத்தான் உரிமை உண்டு. அவிழ்த்து, உங்கள் கையால் அடியுங்கள். அத்தையின் கை தட்டைத் தேடினால் நான் பக்கத்தில் இருந்து பிடித்துக்கொள்கிறேன்.

மணி அடிக்கும். யாரும் தட்டைத் திருப்ப மாட்டார்கள்.