ஏழாவது விண்ணப்பம்

நோரீன்: …அதுக்குன்னு இரும்புச் சட்டியையும் பெட்டியில வைக்கணுமா, அக்கா?

ஆர்டித்: என் சட்டிடி. கென்டக்கியிலேருந்து மடியில வச்சுக் கொண்டாந்தேன். உனக்குத்தான் சோள ரொட்டி சுடவே வராதே.

நோரீன்: பேச்சை மாத்தாதே. இன்னும் ஒரு மாசம் இரு. சின்சினாட்டியில ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்?

ஆர்டித்: ஆஸ்பத்திரி தெருவுக்கு ஒண்ணு இருக்கு. ரெண்டு வருஷம் படிச்ச நர்ஸைத்தான் யாரும் உள்ள விட மாட்டேங்கறாங்க. நாலு வருஷப் பட்டம் வேணுமாம்.

நோரீன்: அது… எல்லா ஆஸ்பத்திரிலயும் இருக்கற விதி, அக்கா.

ஆர்டித்: லைசென்ஸ் பரீட்சை ரெண்டு வருஷம் படிச்சவளுக்கும் நாலு வருஷம் படிச்சவளுக்கும் ஒண்ணுதானே? இருபத்தாறு வருஷம் பிரசவ வார்டுல நின்னவ நான். ஊர்ல ஆஸ்பத்திரியை இழுத்து மூடலேன்னா இந்தப் பக்கம் தலைவச்சுப் படுத்திருப்பேனா? உங்க ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஏழு தடவை விண்ணப்பம் போட்டாச்சு. ஆள் எடுக்கற பிரிவுல தங்கச்சி உக்காந்திருக்கான்னு பேரு!

நோரீன்: நான் என்ன பண்ண? எல்லாம் கம்ப்யூட்டர். ரெண்டு வருஷம்னு கண்டதும் அதுவே தள்ளிடும். மனுஷங்க கண்ணுலயே படாது.

ஆர்டித்: ம்… பொல்லாத கம்ப்யூட்டர்.

நோரீன்: நீ வேலைக்குப் போகப்போற அந்த முதியோர் இல்லத்துல ஒரு மாடி முழுக்க நீ ஒருத்திதான்னு சொன்னியே. உன் முழங்காலை வச்சுக்கிட்டா…?

ஆர்டித்: முழங்கால் கிடக்கட்டும். இனிமே பச்சைக் குழந்தை அழற சத்தம் கேக்காதே… அதாண்டி தாங்கல.

நோரீன்: நான் படிச்ச நாலு வருஷத்துல ரெண்டு உன்னோடது.

ஆர்டித்: சீ, அதை எதுக்கு இப்போ இழுக்கறே? அப்பா போனதும் நீ படிக்கணும்னு நான்தானே ரெண்டு வருஷத்தோட படிப்பை நிறுத்திட்டு வேலைக்குப் போனேன்? யாரும் கையைப் பிடிச்சுத் தள்ளல. …கிட்ட வா, நெத்தியைக் காட்டு. காய்ச்சல் சுத்தமா விட்டுச்சா?

நோரீன்: போன வாரமே விட்டாச்சு. மூணு நாள் சூப்பை ஊத்தி ஊத்தியே எழுப்பி விட்டுட்டியே.

ஆர்டித்: அந்த மூணு நாளும்தான் நான் நிம்மதியா இருந்தேன்.

நோரீன்: நல்லா இருக்கே! நான் படுத்துக் கிடந்தா உனக்கு நிம்மதியா?

ஆர்டித்: ஏழாவது விண்ணப்பத்துக்குப் பதிலே வரலடி. திங்கள், செவ்வாய், புதன்… ஒண்ணும் காணோம். வியாழக்கிழமை நீ வேலைக்குப் போனே. ஒன்பதே காலுக்கு வந்துடுச்சு, ‘வருந்துகிறோம்’னு. உங்க கம்ப்யூட்டருக்கும் சேர்த்துக் காய்ச்சல் போலிருக்குன்னு நினைச்சுக்கிட்டேன்.

நோரீன்: அக்கா…

ஆர்டித்: அழாதே. மூக்கைத் துடை.

நோரீன்: ஏழு விண்ணப்பத்தையும் நான்தான் தள்ளினேன். என் கையாலயே. விதியை மீறி விட்டா என் வேலை போயிடும்… உன் மூஞ்சியைப் பாத்துச் சொல்ல வாய் வரல. எப்போலேருந்து… எப்போலேருந்து தெரியும்?

ஆர்டித்: ரெண்டாவதுலேயே சந்தேகம். சனிக்கிழமை போட்டேன், திங்கக்கிழமை காலையில பதில். எந்தக் கம்ப்யூட்டர்டி சனி ஞாயிறு லீவு போடுது?

நோரீன்: தெரிஞ்சுமா… அதுக்கப்புறமும் அஞ்சு தடவை போட்டே?

ஆர்டித்: ஒரு தடவையாவது உன் விரல் தவறி ‘சரி’யில படாதான்னுதான்.