முப்பது விநாடி கேட்ட செய்தி ஆசிரியர்

மேடையில் அமர்ந்திருக்கும் மூத்த தோழர்களே, நிலையத்தின் ஒளிப்பதிவாளர்களே, செய்தி வாசிப்பாளர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்தவரின் துணைவியான அண்ணியே, அவர் மகளே, வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் ஊர் மக்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

நம் செய்தி ஆசிரியரை, நாமெல்லாம் ‘விடாக்கண்டர்’ என்று அழைத்த பெருமகனை இழந்துவிட்டோம். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவோம். “ஆமாய்யா, நான் விட்டா நீங்க ஊரையே மறந்துடுவீங்க” என்று சிரிப்பார்.

பொதுத் தொலைக்காட்சிக்கு எது செய்தி? தலைநகரில் நடப்பது மட்டுமா? நம் தெருவில் நடப்பது செய்தி இல்லையா? மாலை ஆறரைக்கு உள்ளூர்ச் செய்தி, அடுத்து நாட்டுச் செய்தி, அதன்பின் ஆவணப்படம். இந்த வரிசையைக் கட்டிக் காத்தவர் அவர். வெங்காய விலையை நாடாளுமன்றத்தில் பேசினால், நம் சந்தையில் வெங்காயம் விற்கும் அம்மாவையும் பேசவைப்பார். சாக்கடை அள்ளும் தொழிலாளர்களோடு எட்டு மாதம் அலைந்து அவர் எடுத்த ஆவணப்படத்தை மறக்க முடியுமா? பேருந்துப் பணிமனைக்கு அவரே போன் போடுவார்: “அண்ணே, நாளைக்குப் பதினேழாம் நம்பர் ஓடுமா ஓடாதா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, மழுப்பாதீங்க!”

இவ்வளவு சொல்லிவிட்டு நானும் இறங்கிப் போயிருக்கலாம். மனசு கேட்கவில்லை.

பதினொரு வருடங்களுக்கு முன்பு, குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்த அந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். அன்று நான் நிகழ்ச்சிப் பொறுப்பாளர். தலைநகரில் ஒரு திறப்பு விழா. நேரலை இழுத்துக்கொண்டே போனது. உள்ளூர்ச் செய்தியை அடியோடு நிறுத்தினேன். விடாக்கண்டர் கையில் தாளோடு என்னிடம் ஓடி வந்தார்.

“முப்பது விநாடி குடுங்க சார். ‘குழாய்த் தண்ணியக் குடிக்காதீங்க’ன்னு சொல்லிட்டு நிறுத்திடுறேன்.”

“நேரலையை வெட்டினா தலைமையகத்துக்கு யாருங்க பதில் சொல்றது? காலையில சொல்லிக்கலாம். அதுக்குள்ள ஒண்ணும் குடி முழுகிடாது, போங்க!”

மறுநாள் அறுபத்து மூன்று பேர் மருத்துவமனையில் கிடந்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தை வீடு திரும்பவில்லை.

விசாரணை அதிகாரி கேட்டார்: “செய்தியை நிறுத்தச் சொன்னது யார்?” விடாக்கண்டர் என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதிகாரி பக்கம் திரும்பி, “செய்தி அறை என் பொறுப்பு. எழுதிக்கோங்க” என்றார். வெளியே படிக்கட்டில் என் தோளைத் தொட்டுச் சொன்னார்: “நீயே சொல்லுவேன்னு பார்த்தேன் தம்பி.” நான் கோழை! என் வேலை போய்விடுமே என்ற ஒரே பயம்.

அவரை ஒளிநாடாக் கிடங்குக்குத் தூக்கியடித்தார்கள். எனக்குப் பதவி உயர்வு வந்தது; இன்று நிலையத்தின் தலைவர் நாற்காலியில் இருக்கிறேன். கடைத்தெருவில் அண்ணியை ஏசினார்கள். “கொலைகாரன் மகள்” என்று பள்ளியில் இந்தப் பெண்ணைச் சொன்னார்கள். சொந்த வீட்டிலாவது அவர் உண்மையைச் சொன்னாரா? இல்லை என்று நேற்றுத்தான் அண்ணி சொல்லித் தெரிந்துகொண்டேன். இரவெல்லாம் எனக்கு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை.

மகளே, உன் அப்பா எந்தத் தவறும் செய்யவில்லை. செய்தது நான்.

தவறு நடந்தால் அதே நேரத்தில், அதே நிகழ்ச்சியில் திருத்தம் சொல்ல வேண்டும். வேறெங்கோ ஓர் ஓரத்தில் ஒளித்துவைக்கக் கூடாது. இது அவர் செய்தி அறைக்குப் போட்ட விதி. ஆகவே இன்று ஆறரை மணிக்கு உள்ளூர்ச் செய்தியில் முதல் செய்தியாக, இதே முகத்தைக் காட்டி நானே திருத்தம் வாசிக்கிறேன். விசாரணைக் கோப்புக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். எந்த நேரலைக்காகவும் இனி உள்ளூர்ச் செய்தி நிற்காது என்று உத்தரவும் போட்டிருக்கிறேன். தோழர்களே, நாளைக்கே என் நாற்காலி பறிபோகலாம். அந்த உத்தரவைக் காப்பாற்ற வேண்டியவர்கள் நீங்கள்தான். காப்பாற்றுவீர்களா?

அண்ணி, மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. அந்தக் குழந்தையின் தாய் இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறாள். பதினொரு வருடமாக ஒரு நல்ல மனிதரைச் சபித்துக்கொண்டிருக்கிறாள். தொலைக்காட்சியில் பார்த்து அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. முதலில் அவள் வீட்டுக்குப் போகிறேன். வழிவிடுங்கள்.