முதலில் விமர்சனம்

— பத்திரிகைய அடுப்புல போட்டுட்டியா? விளையாடாதே ரோசரி. நாளைக்கு கோயில் ஹால்ல வாசகர் சங்கக் கூட்டம். அந்த நாவலைப் பத்தி நான் பேசணும்.

— பேசுங்களேன், யாரு வேணாம்னா? நாவல் மேசை மேலதானே கிடக்கு.

— அதுக்கு வந்த விமர்சனம் அந்தப் பத்திரிகையிலதான் இருந்துச்சு. அதைப் படிக்காம எப்படிப் பேசுறது?

— நல்லா இருக்கே! மீன் குழம்பு ருசியா இருக்கான்னு பக்கத்து வீட்டு லூர்துராணிகிட்ட கேட்டுட்டா சாப்பிடுறீங்க?

— குழம்பும் இலக்கியமும் ஒண்ணில்ல. எல்லாத்துக்கும் முறைன்னு ஒண்ணு இருக்கு. விஷயம் தெரிஞ்சவன் நாலு வார்த்தை எடுத்துச் சொன்னாத்தான் ரசிக்கவே முடியும்.

— அதைக் காலேஜ்ல பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்துங்க. கல்யாணமான புதுசுல, மன்னார்புரத்துல பஸ் ஏறி, கதைப் புஸ்தகத்துல மூழ்கி, மலைக்கோட்டையில இறங்க மறந்து ஸ்ரீரங்கம் வரைக்கும் போனாரே ஒரு வாத்தியாரு, அவரு எந்த விமர்சனத்தைப் படிச்சாரு?

— அது அப்ப.

— இப்ப என்னவாம்? கல்லறைத் திருநாளுக்கு ஜெரோமுக்கு மெழுகுவத்தி ஏத்தக்கூட வரலை. பெத்த பிள்ளை மண்ணுக்குள்ள கிடக்கான். நீங்க யாரோ எழுதின விமர்சனத்த வச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க.

— பேச்சுக்குக் குறிப்பு எடுக்க வேண்டியிருந்துச்சு.

— என்னமோ போங்க. உங்களை மட்டும் சொல்லி என்ன, எனக்கும் மனசு மரத்துத்தான் கிடந்துச்சு. அவனை அடக்கம் பண்ணின அன்னிக்குக்கூட கண்ணுல தண்ணி வரலை. நேத்து இந்த நாவலைப் படிச்சேன். படிச்சுட்டு அடுப்படியிலேயே உக்காந்து அப்படி அழுதேன். உங்களுக்கும் அது வரட்டும்னுதான் பத்திரிகைய எரிச்சேன். கை தவறியெல்லாம் இல்ல, வேணும்னேதான்.

— எந்த இடத்துல அழுத?

— சொல்ல மாட்டேன். நீங்களே படிச்சுக்குங்க.

— சொல்லிடு ரோசரி.

— இந்தாங்க புஸ்தகம். பிடிங்க... என்னங்க, ஏன் திரும்ப மேசை மேலேயே வைக்கிறீங்க?

— அவன் போனதுலேருந்து நான் ஒரு கதையும் படிக்கலை. விமர்சனம் மட்டும்தான். அதுலதான் கதை எப்படி முடியுதுன்னு முன்னாடியே சொல்லிடுவாங்க. இதுல சின்னப் பிள்ளை யாராவது வர்றானா? கடைசி வரைக்கும் உயிரோட இருக்கானா?