எழுதினவர் பேசலாம்

சாயங்காலம் ஏழரை மணி. நல்ல மழை. ஊருக்கு வெளியே போகிற சாலை... ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் பள்ளம், விளக்கு கிடையாது. அதில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். பேய்க் கதை என்றால் பன்னிரண்டு மணிக்குத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். யாரும் போகவில்லையா? சரி, அந்த டார்ச்சை அணையுங்கள். நெருங்கி உட்காருங்கள்.

இது என் சிநேகிதனின் சித்தப்பாவுக்கு நடந்தது. மருந்துக்கடைக்காரர். தலைவலி மாத்திரையைக்கூட இரண்டு தடவை பார்த்துத்தான் கொடுப்பார். கதை கட்டுகிற ஆள் இல்லை. கடைக்கு மேலே ஓர் அறை. சனிக்கிழமை சாயங்காலம் எழுதுகிறவர்கள் அங்கே கூடுவார்கள். எழுதுவது நாலு பேர், குறை சொல்வது அத்தனை பேரும். அடிதடி ஆகிவிடக் கூடாதே என்று சித்தப்பா ஒரு விதி வைத்திருந்தார். எழுதினவன் ஜன்னலோர நாற்காலியில் உட்கார வேண்டும். கதையை வேறொருவர் படிப்பார். எல்லோரும் பேசி முடிக்கும் வரை அவன் வாயைத் திறக்கக் கூடாது. கடைசியில் சித்தப்பா, "எழுதினவர் பேசலாம்" என்பார். அவன் பதில் சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டும். அதோடு அவன் முறை முடிந்தது.

அன்றைக்கு மெக்கானிக்கின் கதை. ராத்திரி புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. காலையில் அவன் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று அவள், "என் மேல கோபமா?" என்று கேட்கிறாள். அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறான். கதை அவ்வளவுதான். அறையில் ஒரே கூச்சல்.

"கோபமா, இல்லையா? அதைச் சொல்லாம முடிச்சா எப்படிய்யா?"

அவன் விதிப்படி உதட்டை இறுக்கிக்கொண்டு சிரித்தபடி இருந்தான். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. இடி. ஆளாளுக்குச் செருப்பைத் தேடினார்கள். "மிச்சத்தை அடுத்த வாரம் பேசிக்கலாம்" என்றார் சித்தப்பா. சொல்ல வேண்டியதைச் சொல்ல மறந்துபோனார். மெக்கானிக் தலையை மட்டும் ஆட்டினான். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அப்படி ஒரு பிடிவாதக்காரன்.

அந்தச் சாலையில் ஒரு லாரி... வேறென்ன சொல்ல.

அடுத்த சனிக்கிழமை ஜன்னலோர நாற்காலி நனைந்திருந்தது. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. துடைத்தார்கள். மறுபடி... சொட். சொட். கிரீஸ் வாசனை வேறு. அதற்குப் பிறகு கூட்டம் கரைந்தது. வீரமாக எழுதுகிறவர்கள்தான் முதலில் ஓடினார்கள்.

ஒருநாள் அவன் பெண்டாட்டி வந்தாள். "அவரு கடைசியா எழுதினதை ஒரு தடவை கேக்கணும்ணே" என்றாள். சித்தப்பா படித்துக் காட்டினார். முடிந்ததும் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது நான் கேட்டதுண்ணே. அன்னைக்குக் காலையில. பதில் சொல்லாமலே போயிட்டாரு."

சொட்... சொட்... அவள் திரும்பி அந்த நாற்காலியைப் பார்த்தாள். வாசனை அவளுக்குத் தெரியாதா? சித்தப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சொல்லிவிட வாயெடுத்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்ணே. இங்க உள்ள விதியை அவரு சொல்லியிருக்காரு. பேசினா எழுந்திரிச்சுப் போயிடணும் இல்ல? பதில் தெரியாட்டியும் பரவாயில்ல... இருக்கட்டும்."

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் வந்தாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஈரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு வீட்டு விஷயமெல்லாம் சொல்லுவாள். குழாய் ஒழுகுகிறது, தம்பி சரியாகச் சாப்பிடுவதில்லை, இப்படி. சித்தப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

ஒரு சனிக்கிழமை அவள் வரவில்லை. மழை. சொட்டுச் சத்தம் வேகமாகக் கேட்டது. நாற்காலிக் கால்கள் தரையில் தடதடவென்று ஆடின. எழுந்திருக்க முடியாமல் யாரோ தவிப்பது போல. சித்தப்பாவால் தாங்க முடியவில்லை.

"எழுதினவர்... பேசலாம்."

எல்லாம் நின்றது. ஒரு செருமல். பிறகு அவன் குரல், பக்கத்தில்.

"கோபமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. அவளுக்கு உடம்பு முடியல. நான் போகணும்."

கதவு திறந்து மூடியது. சித்தப்பா நாற்காலியைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்துபோயிருந்தது.

அடுத்த வாரம் அவள் வந்தால் என்ன சொல்வது? பதில் கிடைத்துவிட்டது, ஆனால் ஆள் போய்விட்டான் என்றா? மனசு கேட்கவில்லை. அவள் வருகிற நேரத்துக்கு முன்னால் ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து அந்த நாற்காலியில் ஊற்றிவிட்டார். அவள் வந்தாள். ஈரத்தில் கையை வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. காய்ச்சலில் இளைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். அதற்கடுத்த வாரமும் தண்ணீர் ஊற்றினார். அப்போதும் அவள் பேசவில்லை.

மறு சனிக்கிழமை அவள் தம்பி கடைக்கு வந்தான். கையில் மாத்திரை அட்டைகள்.

"அக்காவுக்கு வாங்கினது. யாருக்காச்சும் உதவும், வெச்சுக்குங்க."

"ஏன், உடம்பு தேவலையா?"

"அக்கா போயிட்டாங்கண்ணே. அன்னைக்குப் பெரிய மழை பெஞ்சுதே, அந்தச் சனிக்கிழமைதான். 'அங்க அவரு எனக்காகக் காத்துட்டு இருப்பாரு, நான் போகணும்'னே சொல்லிட்டு இருந்தாங்க. உயிர் போன கொஞ்ச நேரத்துல கட்டிலைச் சுத்தித் தரையெல்லாம் ஈரம்... கூரை ஒழுகல. ஒரே கிரீஸ் வாசனை."

அவன் போன பிறகுதான் சித்தப்பாவுக்குப் புரிந்தது. இவர் அனுப்பிவைத்தவன் அவளைத் தேடி அங்கே போயிருக்கிறான். அவள் அவனைத் தேடி இங்கே வந்திருக்கிறாள். மேலே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பழக்கதோஷத்தில் செம்பில் தண்ணீரை எடுத்துக்கொண்டு படியேறினார்.

அன்றைக்கு அவள் பக்கத்து நாற்காலியில் இல்லை. எழுதினவர் நாற்காலியில் இருந்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டு, சித்தப்பாவையே பார்த்துக்கொண்டு.

அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் காத்திருக்கிறாள். சொன்னால் அவள் கேட்கப்போகிற முதல் கேள்வி, "அவரு எங்க?"

சித்தப்பா இன்னும் சொல்லவில்லை.