விரல்கல்

"ஓட்டுலே. அவன் மேலயே ஓட்டு."

பண்ணையார் இப்படித்தான் கத்தினாராம். கமலைத் தடத்தின் நடுவில் ஒருத்தன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். மேலே கிணற்று வாயில் ரெண்டு மாடும் வடத்தில் பூட்டி நிற்கிறது. மாட்டை ஓட்டுகிறவன் பேர் சுடலை. அவன் கையில் தார்க்குச்சி. ஓட்டினால் கீழே இருக்கிறவன் மிதிபட்டுச் சாவான். ஓட்டாவிட்டால் சுடலைக்கு முதுகுத்தோல் உரியும்.

கீழே உட்கார்ந்திருந்தவன் பாக்கியமுத்து. எங்கள் பூட்டனுக்கு அப்பன்.

எந்த வருஷம் என்று கேட்காதீங்க. யாருக்கும் தெரியாது. தெரியும் என்று சொல்கிறவன் புளுகுகிறான். கரண்டு வராத காலம், கிணற்றுத் தண்ணீரை மாடு இழுத்த காலம், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் பாலைவிளை பாலைவிளை என்று ஒரு ஊர் இருந்ததாம். இப்பவும் இருக்கிறது. பஸ்தான் நிற்காமல் போகும்.

கமலை தெரியாதவங்களுக்கு ஒரே ஒரு தடவை சொல்கிறேன். கிணற்று வாயிலிருந்து கீழே ஒரு சரிவு போகும். அதுதான் தடம். மாடு சரிவில் இறங்கினால் வடம் இழுபட்டு, கிணற்றுக்குள் கிடக்கிற தோல்கூனை தண்ணீரோடு மேலே வரும். வாய்க்காலில் கொட்டும். மாடு பின்பக்கமாகவே நடந்து மேலே ஏறினால் கூனை திரும்பக் கிணற்றுக்குள் போகும். இறங்கணும், ஏறணும். இறங்கணும், ஏறணும். விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரை இதேதான். வாழைத்தோட்டம் மொத்தமும் குடித்தது இந்தத் தண்ணீரைத்தான்.

தோட்டம் பண்ணையாருடையது. கிணறு பண்ணையாருடையது. மாடு பண்ணையாருடையது. ஆளும் தன்னுடையதுதான் என்பது அவர் நினைப்பு.

அந்த ஆள்களில் பாதிப்பேர் வேதத்தில் சேர்ந்தார்கள், கிறிஸ்தவர்கள் ஆனார்கள். பாக்கியமுத்துவும் சேர்ந்தான். சேர்ந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரமாட்டோம் என்றார்கள். பண்ணையார் அடித்தார். வரமாட்டோம் என்றார்கள். குடிசையைப் பிரித்துப் போட்டார். வரமாட்டோம் என்றார்கள். கடைசியில் மிஷன் துரை ஒருத்தர் குதிரையில் வந்து பேசினாராம். துரை பேச்சுக்குப் பண்ணையார் இறங்கி வந்தார். எப்படி இறங்கினார் பாருங்க.

"சரி. வேதக்காரன் ஞாயித்துக்கெழம வர வேண்டாம். ஆனா கமலை நிக்கக் கூடாது. அவம் பங்கையும் மத்தவன் ஓட்டட்டும்."

வேதக்கோயிலில் எல்லாரும் சந்தோஷமாக ஸ்தோத்திரம் பாடினார்கள். மத்தவன் என்றால் யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

மத்தவன் என்றால் சுடலை. அவன் வேதத்தில் சேரவில்லை, அவனுக்கு அவன் சாமி போதும். ஆள் எலும்பும் தோலும். நெஞ்சில் சீக்கு, இருமினால் துண்டில் ரத்தம் தெரியும். மற்ற நாளில் அவனுக்கு ஒரு முறை, பாக்கியமுத்துவுக்கு ஒரு முறை என்று மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ரெண்டு முறையும் சுடலைக்கே. இப்படியே போனால் அவன் அந்தத் தடத்திலேயே விழுந்து சாவான். அது ஊருக்கே தெரிந்திருந்தது.

ஒரு ஞாயிறு பாக்கியமுத்து வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு கிணற்றங்கரை வழியாகக் கோயிலுக்குப் போகிறான். வாய்க்காலில் சுடலை பெண்டாட்டி மாடத்தி தண்ணீர் திருப்பிக்கொண்டிருக்கிறாள். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம்.

"ஒங்க சாமி ரொம்ப நல்லவருதாம்வே. ஒங்களுக்கு ஓய்வக் குடுத்துட்டு, ஒங்க வேலய எம்புருசன் முதுகுல ஏத்திட்டாரு. போங்க, போய்ப் பாடுங்க. இங்க வரைக்கும் நல்லாக் கேக்குது."

இவன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டினான்.

போய் உட்கார்ந்தான். அன்றைக்கு, கோயிலை நடத்துகிற உபதேசியார் பத்துக் கற்பனையை, அதாவது கடவுள் கொடுத்த பத்துக் கட்டளையை, மனப்பாடம் கேட்டார். நாலாவது கற்பனை இவன் பங்குக்கு வந்தது. ஓய்வுநாள் யார் யாருக்கு என்று அதில் வரிசையாக வரும். இவன் எழுத்துத் தெரியாதவன், எல்லாமே காதால் கேட்டுப் படித்ததுதான். பாதியில் நிறுத்திவிட்டானாம். ஆராதனை முடிந்ததும் உபதேசியாரிடம் போனான்.

"உபதேசியாரய்யா, வேலக்காரனுக்கும் ஓய்வு, மாட்டுக்கும் ஓய்வு, வாசல்ல நிக்க அந்நியனுக்கும் ஓய்வுன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க. சுடலை எதுல சேத்தி? மாட்டுலயும் சேத்தி இல்லையா?"

உபதேசியார் கெட்டவர் இல்லை. ஆனால் பயந்தவர். இத்தனை அடி வாங்கிக் கிடைத்தது கைவிட்டுப் போய்விடக் கூடாது என்று பயம். கிடைத்ததற்கு ஸ்தோத்திரம் சொல்லு என்றார். சுடலையும் வேதத்தில் சேரட்டும், அவனுக்கும் தானாகக் கிடைக்கும் என்றார்.

"அப்ப இது ஓய்வு இல்லய்யா. தூண்டில்ல மாட்டுன புழு."

உபதேசியாருக்கு முகம் சுண்டிவிட்டது. வாயை அடக்கு என்றார். வருகிற ஞாயிறு முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்கார் என்றார்.

பாக்கியமுத்து அந்த வாரம் முழுக்க யோசித்தானாம். சுடலைக்குப் பதிலாக நானே போய் ஓட்டினால், வேதக்காரனே வேலைக்கு வந்துவிட்டான் என்று பண்ணையார் எல்லாருக்கும் ஓய்வைப் பிடுங்கிவிடுவார். ஓட்டாமல் கோயிலில் உட்கார்ந்தால் சுடலை செத்துப் போய்விடுவான். ஓட்டவும் கூடாது, கோயிலில் உட்காரவும் கூடாது. அப்படியென்றால் எங்கே உட்காருவது?

அந்த ஞாயிறு வெளுத்த வேட்டியோடு வந்தான். வந்து கமலைத் தடத்தில் உட்கார்ந்துவிட்டான்.

பிரசங்கத்தில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள், சுடலை உடனே கண்ணீர் விட்டுக் கட்டிப்பிடித்தான் என்பார்கள். சும்மா. சுடலைக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது.

"ஏ வேதக்காரா, எந்திரி. ஒன்னால நான் அடி வாங்கணுமா?"

"நீயும் வந்து உக்காரு."

"எனக்கு ஒஞ்சாமி வேண்டாம்."

"எஞ்சாமிய ஒனக்கு யாருலே குடுத்தா? உக்காருன்னுதான சொன்னேன்."

சுடலை உட்காரவில்லை. ஓட்டவும் முடியவில்லை. காறித் துப்பிவிட்டு மாட்டுப் பக்கத்தில் நின்றான். வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று பண்ணையாருக்கு ஆள் போனது. அவர் வந்தார். வந்ததும் சொன்னதைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஓட்டுலே, அவன் மேலயே ஓட்டு.

சுடலை குச்சியைக் கீழே போட்டான்.

அவ்வளவுதான். பண்ணையார் அவன் கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டு, தானே குச்சியை எடுத்தார். அவர் கமலை ஓட்டி யார் பார்த்தது? மாட்டை முதுகில் குத்தினார். மாடு தடத்தில் இறங்கியது. கிணற்றுக்குள் கூனை நிரம்பி மேலே வருகிறது. பாதிச் சரிவு வந்ததும் எதிரில் ஆள் உட்கார்ந்திருக்கிறான். மாடு நின்றுவிட்டது. மனுசனை மிதிக்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. அவர் திரும்பக் குத்தினார். மாடு நகரவில்லை. ஆத்திரத்தில் மாற்றி மாற்றிக் குத்தினார்.

ஒரு மாட்டுக்குக் கால் வழுக்கியது. முட்டி போட்டு விழுந்தது. விழுந்ததும் கிணற்றுக்குள் தொங்குகிற பாரம் இழுக்கத் தொடங்கியது. ரெண்டு மாட்டையும் பின்னாலேயே, கிணற்றைப் பார்த்து இழுக்கிறது. நுகத்தடி கழுத்தை நெரிக்கிறது. பண்ணையார் குச்சியைப் பிடித்தபடி அப்படியே நிற்கிறார்.

உட்கார்ந்திருந்தவன் எழுந்தான். ஒரே ஓட்டமாக ஓடிப் போய் வடத்தைப் பிடித்தான். தடத்து ஓரத்தில் மாடு கட்டுகிற கல் ஒன்று நட்டிருந்தது. அந்தக் கல்லில் வடத்தைச் சுற்றினான். சுற்றின கையை எடுக்க நேரம் இல்லை. வடம் இறுகியது. வடத்துக்கும் கல்லுக்கும் நடுவில் அவன் வலதுகை விரல்.

மாடு நின்றது. சுடலை இடுப்பில் இருந்த அரிவாளை உருவிக்கொண்டு பாய்ந்து வடத்தை வெட்டினான். கூனை கிணற்றுக்குள் விழுந்த சத்தம் கோயில் வரை கேட்டதாம். பாட்டை நிறுத்திவிட்டு எல்லாரும் ஓடி வந்தார்கள்.

வந்து பார்த்தால், ரெண்டு மாடும் உயிரோடு நிற்கிறது. பாக்கியமுத்து கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். மாடத்தி தன் முந்தானையைக் கிழித்து அந்தக் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறாள், கட்டிக்கொண்டே அவனை வாய்க்கு வந்தபடி திட்டுகிறாள்.

பண்ணையார் நன்றி சொன்னார் என்று நினைத்தீங்களா? கை போனவன் இனி என் பண்ணைக்கு வேண்டாம் என்றார். அதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. பிறகு சுடலையைப் பார்த்து, வேறு வடம் கொண்டுவந்து பூட்டச் சொன்னார். சுடலை போய்த் தடத்தில் உட்கார்ந்தான். பாக்கியமுத்து உட்கார்ந்திருந்த அதே இடத்தில். மாடத்தி வாய்க்கால் மடையைக் காலால் அடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். வாழைக்குள் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள். கடைசியில், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, கடைசியில்தான் எங்கள் வேதக்காரர்கள் உட்கார்ந்தார்கள்.

பண்ணையார் அடிக்கக் கை ஓங்கிப் பார்த்தார். எத்தனை பேரை அடிப்பார்? திரும்பி மாட்டைப் பார்த்தார். மாடு என்றால் அவருக்கு உயிர். முட்டியில் ரத்தம் வழிய அது அவரைப் பார்த்து நிற்கிறது. ஓங்கின கையை இறக்கிக்கொண்டு சொன்னாராம்.

"ஞாயித்துக்கெழம மாட்டுக்கு ஓய்வு. மாட்டுக்குத்தான் சொன்னேன். ஒரு பயலுக்கும் இல்ல."

மாடு இல்லாமல் எந்தப் பயல் கமலை ஓட்டுவான்? அவருக்கும் தெரியும். ஆனால் வாயால் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. அவர் வாழைக்குள் மறைகிற வரை யாரும் சிரிக்கவில்லையாம். மறைந்ததும் மாடத்திதான் ஆரம்பித்தாள். "மாட்டு வாலப் பிடிச்சாவது கரையேறிட்டோம்" என்றாளாம்.

அதனால்தான் எங்கள் ஊரில் இன்றைக்கும் அதற்கு மாட்டு ஞாயிறு என்று பேர். மாடு போய் மோட்டார் வந்துவிட்டது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பாலைவிளையில் ஒரு மோட்டார் ஓடாது, எந்தச் சாமி கும்பிடுகிறவன் தோட்டத்திலும் ஓடாது. போன வருஷம் வெளியூர்க்காரர் ஒருத்தர் தோட்டம் வாங்கி ஞாயிற்றுக்கிழமை மோட்டார் போட்டார். சுடலை வம்சத்துக்காரர்கள்தான் முதலில் போய் மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்தார்கள். எங்கள் ஆள்கள் ஆராதனை முடித்து, டீ குடித்து, ஆற அமர வந்தார்கள். அன்றைக்கும் இப்படித்தானே வந்தோம்.

அந்தக் கல் இப்பவும் நிற்கிறது. அதற்குப் பேர் விரல்கல். வடம் அறுத்த தடம் இருக்கிறது, விரலை வைத்துப் பார்க்கலாம். கோயிலில் அசனப் பண்டிகை வந்தால் ஊருக்கே சோறு போடுவோம். முதல் இலை சுடலை வம்சத்துக்கு, அந்தக் கல் பக்கத்தில்தான் போடணும். அவர்கள் இன்றைக்கு வரை வேதத்தில் சேரவில்லை. சேரச் சொல்லி எவனாவது அங்கே வைத்துப் பேச்செடுத்தால் அவனுக்கு இலை கிடையாது. நல்ல கிறிஸ்தவன் உலகத்தில் எப்படி இருக்கணும் என்று வாராவாரம் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதி மண்டையில் ஏறாது. அந்த இலை ஏறும்.

இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கோயிலில் சொல்லும்போது இதை விட்டுவிடுவார்கள்.

உபதேசியார் பாக்கியமுத்து மேல் சபையில் குற்றம் வைத்தார். சொன்ன ஞாயிறு ஆராதனைக்கு வரவில்லை, அது ஒன்று. ஓய்வுநாளில் வடத்தைத் தொட்டு வேலை செய்தான், அது ரெண்டு. ராப்போசனம் கிடையாது, கோயிலில் கொடுக்கிற அப்பமும் ரசமும் கிடையாது என்று நிறுத்தினார்கள். வேலையும் போய், விரலும் போய், சபையும் போய், அவன் ஆடு மேய்த்துப் பிழைத்தான். கொஞ்ச நாள் கழித்து உபதேசியாருக்கே மனசு உறுத்தியது போல. ஆள் அனுப்பினார். வருகிற ஞாயிறு கோயிலுக்கு வரட்டும், முன்னால் வந்து நிற்கட்டும், நான் செய்தது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், சேர்த்துக்கொள்கிறோம் என்று.

வந்தான். அதே வெளுத்த வேட்டி. கூடவே சுடலையும் மாடத்தியும் என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று வந்தார்கள். அவர்கள் உள்ளே வரவில்லை, வாசல்படியில் உட்கார்ந்துகொண்டார்கள். சபை முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. உபதேசியார் முன்னால் இடம் காட்டி, "வா பாக்கியம், இங்க வந்து நில்லு" என்றார்.

பாக்கியமுத்து முன்னால் பார்த்தான். வாசலைப் பார்த்தான். சுடலைக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. போய் அங்கே உட்கார்ந்தான்.

"எந்திரி, பாக்கியம்" என்றார் உபதேசியார்.

அவன் எழுந்திருக்கவில்லை.